கொடுவாள் வாங்கி வைத்த அத்தாயி

தை நோம்பு முடிந்த மறுநாள் காலை. அத்தாயி அக்காவின் வீட்டு வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முந்தின நாள் கள் குடிப்பதற்கு முன்னால் அவரிடம் கொடுத்து வைத்த கொடுவாளைத் திரும்ப வாங்கிப்போக வந்தவர்கள். அக்கா ஒவ்வொன்றாக உள்ளேயிருந்து எடுத்து வந்து, பேர் சொல்லிக் கொடுத்தார். அர்த்தனாரி என்ற வாலிபன் மட்டும் வரிசையில் சேராமல் எருக்குழிப் பக்கம் தள்ளி நின்றான். அவனிடம் கொடுவாள் கிடையாது. சாமை விளையாத ஒரு வருசத்தில் அவன் அப்பன் அதைக் கீழே கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றிவிட்டான். மலையில் இடுப்பில் கொடுவாள் இல்லாதவனை ஆளாக மதிக்கமாட்டார்கள். பெண்ணும் கொடுக்கமாட்டார்கள்.

எல்லாரும் வாங்கி முடிந்ததும் அக்கா இன்னொன்றை எடுத்து வந்தார். புதிதாகச் சாணை பிடித்து, பிடிக்கு எண்ணெய் தேய்த்திருந்தது.

"அர்த்தனாரி, உன்னுத மறந்துட்டு நிக்கறயே. நேத்து அத்தன மப்பா?" என்றார்.

அவன் திகைத்துப்போய் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சுற்றி நின்றவர்கள், அவன் எப்போதோ புதிதாக ஒன்று வாங்கிவிட்டான் என்று நம்பி, அவனைக் கேலி செய்து சிரித்தபடி கலைந்து போனார்கள். அது அக்காவின் இறந்துபோன புருசனுடைய கொடுவாள். அது எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் முந்தின மாதம் அதைச் சேந்தமங்கலத்துக் கொல்லனிடம் கொண்டுபோய்ச் சாணை பிடித்து வந்தவன் நான். அதைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. அர்த்தனாரி அடுத்த வருசமே கல்யாணம் செய்துகொண்டு ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அவன் பிழைத்துக்கொண்டான்.

நான் மலையடிவாரத்துக்காரன். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அப்பா இறந்தபின் அவர் தூக்கிய உப்பு மூட்டையை நான் தூக்கினேன். உப்பு, மிளகாய், தீப்பெட்டி எல்லாம் தலைச்சுமையாக ஏற்றி, மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியில் எட்டுப் பத்துச் சிற்றூர்களுக்குக் கொடுத்து, மிளகும் தேனும் சாமையும் மாற்றிக்கொண்டு இறங்குவேன். அறப்பளீசுவரனைக் கும்பிடாமல் எந்த நாளும் மலையேறியதில்லை. நான் குடித்ததும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வரும் விசயத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அத்தாயி அக்காவின் ஊர் முப்பது வீடு கூட இல்லாத சின்ன ஊர். அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நோம்புக்கும் சாமி பொங்கலுக்கும் காட்டில் வளரும் கூந்தப்பனை மரத்திலிருந்து கள் இறக்கிப் பானையில் ஊர் நடு மந்தைக்குக் கொண்டுவருவார்கள். முதலில் பெரியசாமிக்குப் படைப்பார்கள். அப்புறம் குடிப்பவன் எவனாக இருந்தாலும், ஊர்க்கவுண்டரே ஆனாலும், தன் கொடுவாளை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வந்துதான் பானைப் பக்கம் உட்கார வேண்டும். புருசனை இழந்து மறுதாலி கட்டிக்கொள்ளாத பெண் ஒருத்தியின் வீடாக அது இருக்கும். மலையில் மறுதாலி கட்டுவது வழக்கம்தான். கட்டாமல் இருப்பவள் வீட்டுக்குள் எந்த ஆண்பிள்ளையும் கால் வைக்கமாட்டான். அதனால் உள்ளே போன கொடுவாளை, எத்தனை கோபம் வந்தாலும் எவனும் போய் எடுக்க முடியாது.

அக்காவுக்கு முப்பது வயதில் புருசன் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே பையன் பழனிமுத்து. அண்ணன் அருணாசலம் எவ்வளவோ சொல்லியும் மறுதாலிக்கு அவர் சம்மதிக்கவில்லை. அதிலிருந்து அந்த வேலை அவர் வீட்டுக்கு வந்தது. வாங்கிய வரிசையில் பரண் மூங்கிலில் கொடுவாள்களை மாட்டிவைப்பார். எந்தப் பிடி வேங்கை, எது மூங்கில் வேர், எதில் செம்புப் பூண், எதன் மூக்கு உடைந்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். மறுநாள் சூரியன் மேட்டுக்கு மேலே வந்தபின்தான் திருப்பிக் கொடுப்பார். அதற்கும் ஒரு சோதனை உண்டு. ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தளும்பாமல் கொண்டுவந்து அவர் வாசலில் வைக்க வேண்டும். வழியில் சிந்தினால் திரும்பப் போய் எடுத்து வர வேண்டும். நோம்பு முடிந்தால் ஒரு வாரத்துக்கு அக்கா தண்ணீருக்குப் போகவேண்டியதில்லை என்று ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள்.

ஒருமுறை நடுப்பகலில் ராசப்பன் என்பவர் தள்ளாடிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"அத்தாயி, என்ற கொடுவாளக் குடு. காட்டுல பன்னி வந்துருச்சு."

"பன்னி வந்தா பேசி அனுப்பு. இப்ப ரெண்டு பேரும் ஒரே பேச்சுத்தானே பேசறீங்க."

"நா ஆம்பள சொல்றேன், குடு."

"ஆம்பளைன்னா அந்தக் குடத்த எடுத்துட்டுப் போயி ரொப்பிட்டு வா, பாக்கலாம்."

ராசப்பன் குடத்தை எடுத்தார். நான்கு அடி நடந்தார். குடத்தைக் கட்டிக்கொண்டு வேலியோரம் படுத்துத் தூங்கிவிட்டார். அன்று காலையில்தான் அவர் பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறில் மல்லுக்கு நின்றிருந்தார். கையில் கொடுவாள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அங்கே அடிதடி இல்லாமல் இல்லை. பல் உடைந்திருக்கிறது, மண்டை வீங்கியிருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்து ஒரு உயிர் போனதில்லை.

எனக்கு அப்போது அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. சாமி பேரைச் சொல்லிக் கள் குடிப்பது பாவம் என்றுதான் மனதுக்குள் நினைப்பேன்.

முப்பத்தேழாம் வருசம் புரட்டாசி மாதம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அடிவாரத்தில் எங்கள் தெருவில் பெண்கள் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினார்கள். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டில் அந்த மாதம்தான் ராத்திரிச் சோறு பொங்கியது. என் சொந்தத் தங்கை மயிலம்மாள் புருசன் கையால் அடிபடாமல் இருந்ததும் அந்த வருசம்தான். நான் சந்தோசப்பட்டேன். அச்சடித்த நோட்டீசு ஒன்றை மணியக்காரர் என்னிடம் கொடுத்து, மலையில் வாசித்துச் சொல்லச் சொன்னார். ஊர் ஊராக நின்று உரக்க வாசித்தேன். கள் இறக்கினால் குற்றம், வைத்திருந்தால் குற்றம், குடித்தால் குற்றம், துப்புச் சொல்பவருக்கு இனாம் உண்டு.

வாசித்து முடித்தேன். அத்தாயி அக்காதான் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது, சரி. மீறிக் குடிச்சுப்போட்டா கொடுவாள யாரு வாங்கி வெக்கோணும்னு போட்டிருக்குதுங்களா?"

"அதெல்லாம் போடமாட்டாங்கக்கா. குடியே இல்லாதப்ப அது எதுக்கு?"

"இல்லாதப்ப வேண்டாம். இருந்தா?"

"இருந்தா ஜெயிலு."

"ஜெயிலு அப்பறம் வாரது. நா அன்னிக்குப் பொழுதுக்குக் கேக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பானை போய்விட்டால் தன் வேலை போய்விடுமே என்று அக்காவுக்கு வருத்தம் என நினைத்துக்கொண்டேன்.

முதல் தைக்குக் கள் இல்லை. பெரியசாமிக்கு இளநீர் படைத்தார்கள். ஆண்கள் முகம் தொங்கிப்போய் எருதாட்டம் ஆடினார்கள். இரண்டாம் தைக்குள், சாமிக்குப் பழைய வழக்கம் விட்டுப்போனதால்தான் மழை தப்பியது என்று பேச்சு வந்துவிட்டது. இரண்டு கூந்தப்பனையில் கள் இறக்கினார்கள். மந்தையில் பானை வைத்தார்கள். வழக்கப்படி பதினோரு பேர் கொடுவாளை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். அந்த நோம்பு வியாபாரத்துக்கு நானும் மேலே இருந்தேன்.

யார் துப்புச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. சாயங்காலம் ஒரு அதிகாரி ஆறு போலீசோடு வந்துவிட்டார். ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். பானைகள்தான் மிஞ்சின. குடித்தவன் ஒருவனும் கையில் அகப்படவில்லை. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் அக்கா வீட்டுப் பரணில் பதினோரு கொடுவாளைப் பார்த்துவிட்டார்கள்.

"யாரை வெட்டறதுக்கம்மா இத்தனை கொடுவாள்?" என்று அதிகாரி அதட்டினார்.

"வெட்டாம இருக்கறதுக்குத்தானுங்க சாமி" என்றார் அக்கா.

பயப்படாமல் வழக்கம் முழுவதையும் விவரமாகச் சொன்னார். குடிக்கிறவன் மட்டும்தான் கொடுப்பான், குடிக்காதவன் கொடுவாளை நான் எதற்கு வாங்குகிறேன் என்றும் சொன்னார். அதிகாரியின் குரல் மாறிவிட்டது. அவர் முட்டாள் இல்லை.

"இத்தனையும் ஒரே மாதிரி இருக்கே. எது யாருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "தெரியாம? இத்தன வருசத்துல ஒண்ணு மாத்திக் குடுத்திருப்பேனுங்களா?"

"சரி, சொல்லுங்க. திருப்பிக் குடுக்கணும்ல."

அவருக்கு எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மலையேறும்போது கால் சுளுக்கி வழியிலேயே தங்கிவிட்டார். எழுதத் தெரிந்தவர் யார் என்று அதிகாரி கேட்டார். ஊரே என்னைப் பார்த்தது. காகிதமும் பென்சிலும் என் கையில் வந்தன. அக்கா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பிடியைத் தடவிப் பேர் சொன்னார். நான் எழுதினேன். நான்காவது பேர் எழுதும்போது, இது கேசுக்கு எடுக்கிற பட்டியல் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு இருமல் இருமியிருக்கலாம். கண்ணைக் காட்டியிருக்கலாம். போலீஸ்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். ஒன்பதாவதை எடுத்தபோது அக்காவின் முகம் மலர்ந்தது. "இது என்ற பையனுதுங்க, பழனிமுத்து. மொத மொதலா இந்த வருசந்தான் குடுத்தான்" என்றார். அதையும் எழுதினேன்.

மறுநாள் காலையில் அதிகாரி அக்காவை விட்டே ஆள் அனுப்பினார். கொடுவாளை வந்து வாங்கிப் போகலாம் என்று அக்கா சொன்னதாகச் சொல்லச் சொன்னார். மலைக்காரன் கையில் கொடுவாள் இல்லாமல் ஒரு நாள் பொழுதும் ஓட்ட முடியாது. சொன்னது அத்தாயி. அவர் பேச்சை நம்பாதவர் அந்த ஊரில் இல்லை. சூரியன் மேட்டுக்கு மேலே வந்ததும் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, பதினோரு பேரும், ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீரை ரொப்பி, தளும்பாமல், கண்ணைக் குடத்திலிருந்து எடுக்காமல் நடந்து வந்தார்கள். வாசலில் குடத்தை இறக்கி வைத்து நிமிரும்போது ஒவ்வொருவராகப் பிடித்தார்கள்.

அக்கா அதிகாரியின் காலைப் பிடித்தார். "சாமி, குடுக்கறேன்னு சொன்னீங்களே, குடுக்கறேன்னு சொன்னீங்களே" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரையும் ஒரேயடியாகக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்த மாதம் எத்தனை கேசு என்று மேலேயிருந்து கேட்கிறார்கள் என்று இறங்கும் வழியில் என்னிடம் தானாகவே சொன்னார்.

கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். மலையில் ரொக்கம் ஏது? எல்லாம் பண்டமாற்றுத்தான். அதனால் பதினோரு பேருக்கும் மூன்று மாத ஜெயில். அவர்கள் திரும்பி வந்தபோது வெள்ளாமைக்கு உழுகிற சமயம் போய்விட்டிருந்தது.

ஊர் அக்காவைத் திட்டவில்லை. ராசப்பன் ஒருத்தர்தான், "நீ பொய் சொல்லத் தெரியாதவ, என்ன பண்றது" என்றார். ஆனால் அடுத்த தைக்கு அக்கா வாசலைக் கூட்டி, மூங்கிலைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். ஒரு ஆளும் வரவில்லை.

குடி நின்றுவிட்டதா என்றால் இல்லை. மந்தையிலிருந்து கிளம்பி ஓடைப் பள்ளத்துக்குப் போனது. பழனிமுத்து ஜெயிலில் ஒரு கீழ்நாட்டுக்காரனிடம் வெல்லமும் பட்டையும் போட்டுச் சாராயம் காய்ச்சக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். கள்ளைச் சுமந்து ஒளிக்க முடியாது, மணம் காட்டிக்கொடுத்துவிடும். சாராயம் ஒரு சின்னச் சுரைக்குடுக்கையில் அடங்கிவிடும். நோம்பு, பொங்கல் என்ற கணக்கும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள், மூன்று நாள் குடித்தார்கள். கீழேயிருந்தும் ஆட்கள் வாங்க வந்தார்கள். இனாமுக்காக எவன் துப்புச் சொல்வானோ என்று ஒருவனை ஒருவன் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டே குடிக்கிறவன் இடுப்பிலிருந்து கொடுவாளை எடுப்பானா?

அக்காவின் கவலையெல்லாம் பையன்மேல்தான். அண்ணன் அருணாசலத்தின் மகன் சின்னுசாமியும் பழனிமுத்துவும் ஒரே வயது. சின்னுசாமியின் தங்கையைப் பழனிமுத்துவுக்குக் கட்டுவதாகப் பேச்சு. ஜெயிலிலும் இருவரும் சேர்ந்தே இருந்தவர்கள். இப்போது பள்ளத்திலும் சேர்ந்தே இருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் அக்கா கேட்பார், "தம்பி, நீங்க சாமி கும்படறவிய. அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்." நான் சொல்லிப் பார்த்தேன். "நீங்க எழுதின எழுத்துலதானே அங்க போயிக் கத்துக்கிட்டேன், உப்புக்காரரே" என்று பழனிமுத்து சிரித்தான்.

நாற்பத்தொன்றாம் வருசம் ஐப்பசியில் ஒரு நாள். அதற்கு முந்தின வாரம் போலீசு வந்து பழனிமுத்துவின் அடுப்பையும் பானையையும் உடைத்துவிட்டுப் போயிருந்தது. அதே வாரம் சின்னுசாமி மாடு பார்க்கக் கீழே போய் வந்திருந்தான். இந்த இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டுப் பேசிவிட்டார்கள். நான் மேலே போன அன்று நடுப்பகலில் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினார். "எனக்கு மனசு சரியில்லீங்க, கூட வாங்க" என்றார்.

ஆறேழு பேர் இருந்தார்கள். பழனிமுத்து பாறைமேல் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. சின்னுசாமி எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

அக்கா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டார். "குடிக்க வேண்டாம்னு நா சொல்லலடா. கொடுவாளக் குடுத்துட்டுக் குடிங்க. பொழுதுக்குள்ள வாங்க வேண்டாம், நாளைக்குக் கொண்டாந்து நானே குடுக்கறேன்."

"குடுத்தா உப்புக்காரரு பேரு எழுதிக்குவாரா பெரியாத்தா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

"குடம் தண்ணி வேற தூக்கோணுமா?" என்றான் இன்னொருவன்.

சின்னுசாமி சிரிக்கவில்லை. "இந்தாங்கத்தே" என்று சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து கொடுவாளை உருவினான்.

"பாருங்கடா," என்றான் பழனிமுத்து, "கீழ போயிப் போலீசுக்கு ஊதினவன் இப்ப நல்லவனாட்டம் மொதல்ல குடுக்கறான்."

சின்னுசாமியின் கை நின்றுவிட்டது. முகம் இருண்டது. கொடுவாளை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"கண்ணு, நீ குடு. அவன் கெடக்கறான்" என்று அக்கா கெஞ்சினார். "மாட்டங்கத்தே. அவன் குடுக்கட்டும், அப்பறம் நா குடுக்கறேன்" என்றான். பழனிமுத்து தாயைப் பார்த்து, "உங்கிட்டக் குடுத்தவனெல்லாம் எங்க போனான்னு தெரியாதா? போ ஆத்தா ஊட்டுக்கு" என்றான். நாங்கள் வெறும் முந்தானையோடு மேலே ஏறினோம்.

மாடுகள் பட்டிக்குத் திரும்பும் நேரத்தில் பள்ளத்திலிருந்து கூச்சல் கேட்டது. சின்னுசாமியைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கழுத்தோரம் வெட்டு. வாசலுக்கு வருமுன் உயிர் போய்விட்டது. பழனிமுத்து ஓடவில்லை. பின்னாலேயே நடந்து வந்து, மாமன் அருணாசலத்தின் காலடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். துப்புச் சொன்னது சின்னுசாமி இல்லை. சாராயம் விற்க வந்த இன்னொரு கீழ்நாட்டுக் கூட்டம் போட்டிக்குச் சொல்லியிருக்கிறது. அது விசாரணையில்தான் வெளியே வந்தது.

கேசு பெரிய கோர்ட்டுக்குப் போனது. அக்காவையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். கொடுவாள்களைப் பார்த்து ஆள் சொல்லக்கூடியவர் அவர் என்பது பழைய கேசுக் காகிதத்திலேயே இருந்தது, என் கையெழுத்தில். எங்கள் பக்கத்து வக்கீல் அவரிடம், "அம்மா, கேட்டா தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. அது உங்க பையனுதுன்னு சொன்னா உசிருக்கே ஆபத்து" என்று பத்து முறை சொல்லிவைத்தார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அண்ணன் அருணாசலம் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டு வாசலில் அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நா தெரியாதுன்னு சொன்னா, செத்தவன் என்ற அண்ணம்பையன் இல்லேன்னு ஆயிருமுங்களா தம்பி?"

நான் அறப்பளீசுவரனை நினைத்துக்கொண்டேன்.

கூண்டில் ஏறினார். சீட்டு ஒட்டிய கொடுவாளை அவர் கையில் கொடுத்தார்கள். வழக்கம்போலக் கட்டைவிரலால் பிடியைத் தடவினார். அது அவராகச் செய்யவில்லை, கை செய்தது. கூண்டுக்கு அந்தப் பக்கம் பழனிமுத்து தலை குனிந்து நின்றான்.

"இது யாருடையது?"

"தெரியலீங்க" என்றார். அண்ணனைப் பார்க்காமல் சொன்னார்.

அந்தப் பொய்யால் ஒன்றும் ஆகவில்லை. மற்ற நான்கு பேர் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டார்கள். பழனிமுத்துவுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. வெளியே வந்ததும் அருணாசலம் தங்கைக்கு முன்னால் வந்து நின்றார். "ஊரானுது பதினொண்ணும் ஒப்பிச்ச வாயி. என்ற பையனுக்குன்னு வாரப்ப அடச்சுப்போச்சு" என்றார். அதோடு சரி. அண்ணன் தங்கை பேச்சு அன்று நின்றது. தங்கை வீட்டுப் பக்கம் போகிற பாதையில் அவர் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்.

உலக யுத்தம் என்ற பெரிய சண்டை நடந்த வருசங்களில் சர்க்காருக்கு வருமானம் வேண்டியிருந்தது என்றார்கள். மதுவிலக்கை நிறுத்திவைத்தார்கள். கடைகள் ஏலம் போயின. செம்மேட்டில் சந்தைக்கு எதிரிலேயே ஒரு கடை வந்தது. எவன் வேண்டுமானாலும் பகலில் உட்கார்ந்து குடிக்கலாம். ஆனால் மலைக்காரன் தன் கூந்தப்பனையில் தானே இறக்கினால் அது அப்போதும் குற்றம்தான், ஏலம் எடுத்தவன் ஆள் வந்து அடிப்பான். இந்தச் செய்தியையும் நான்தான் அக்காவிடம் சொன்னேன். நாற்பத்தைந்து கூட ஆகாத முகம் அறுபதாகிக் கிடந்தது அப்போது. ஆனால் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இப்பக் குடிச்சா குத்தமில்லீங்களா?"

"கடையில குடிச்சா இல்லக்கா."

"அப்ப என்ற பையன விட்டுருவாங்கல்ல? அவன் பள்ளத்துக்குப் போனதே ஒளிச்சுக் குடிக்கத்தானுங்களே. ஒளியோணும்னு சொன்னதே அவங்கதானுங்களே."

கொலைக் கேசு வேறு, குடிக் கேசு வேறு என்று விளக்கிப் பார்த்தேன். ஏன் வேறு என்று கேட்டார். "எழுதுங்க தம்பி, நீங்க எழுதினா அவங்க கேப்பாங்க, முன்ன ஒருக்கா கேட்டாங்களே" என்றார். குத்திக்காட்டவில்லை, நம்பித்தான் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதினேன். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

பதில் வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாது என்று சந்தை நாட்களில் செம்மேட்டுக்கு நடந்து போய் அந்தக் கடை வாசலில் உட்கார ஆரம்பித்தார். உள்ளே போகிறவர்களிடம், "கொடுவாளக் குடுத்துட்டுப் போ சாமி, வெச்சிருந்து தாரேன்" என்று கேட்பார். பைத்தியம் என்று சிரித்துக்கொண்டு போவார்கள். ஒரே ஒரு நாள் பெரக்கரை நாட்டுக்காரர் ஒருவர் கொடுத்தார். வயதானவர். அவர் ஊரிலும் முன்னே இப்படி ஒரு வீடு இருந்ததாம். அன்றைக்கு அக்கா முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. ஆனால் கடைக்காரனுடைய ஆள் வெளியே வந்து, "கையில கொடுவாளோட வாசல்ல ஒக்காந்து யாவாரத்தக் கெடுக்கறயா?" என்று கொடுவாளைப் பிடுங்கி வீசிவிட்டு, அவரையும் தள்ளிவிட்டான். இடுப்பில் அடி. அதன்பிறகு அவரால் செம்மேடு வரை நடக்க முடியவில்லை. அந்த மாதமே அந்தக் கடை வாசலில் இரண்டு வெட்டு நடந்தது.

இப்போது மறுபடியும் மதுவிலக்கு வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். நான் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை. எங்கள் தெருவில் மயிலம்மாள் மறுபடி அடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் இந்தத் தடவை நோட்டீசை வாசிக்க வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். கோயிலில் நின்றால் முன்னைப்போல ஒன்றும் கேட்கத் தோன்றுவதில்லை. நின்றுவிட்டு வருகிறேன்.

அத்தாயி அக்கா போன வருசம் ஆடியில் இறந்துபோனார். பழனிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், அவனை விடவில்லை. அருணாசலம் முள்ளை விலக்கிக்கொண்டு வந்து தங்கையை எடுத்து அடக்கம் செய்ததாகக் கேள்விப்பட்டேன். மனுவுக்குப் பதில் அதுவரை வரவில்லை, இன்றுவரையும் வரவில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்தின பங்குனியில். முழங்கால் விட்டுப்போய், இனி மலை ஏற முடியாது என்று சொல்லிவிட்டு வரப் போயிருந்தேன். பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். உப்புக்குப் பதிலாக ஒரு படி சாமையை என் துணியில் கட்டிக் கொடுத்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. நான் வாசலைத் தாண்டியபின் கூப்பிட்டார். திரும்பிப் போய் நின்றேன்.

"தம்பி, அந்தக் காயிதத்துக்குப் பதிலு வந்தா, உள்ள என்ன போட்டிருக்குதுன்னு எனக்குச் சொல்ல வேண்டாங்க. வந்துருச்சுன்னு மட்டும் சொல்லி உடுங்க. நா அத வெச்சுட்டே இருந்துக்கறேன்."